வலது கால் நிலவரம்

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, உன் தங்கை மூவரும் சுகம். பிரித்துச் சொன்னால் என் தலை சுகம், இரண்டு கைகளும் சுகம், இடது கால் சுகம். வலது கால் மட்டும் இன்னும் சுகப்படவில்லை, ஆனால் அதற்கு என்ன கேடு என்று கண்டுபிடித்துவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வேலையை விடுகிறேன் என்று இந்த மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, அதைக் கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால் இந்த வரியோடு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே உன் மேலதிகாரியிடம் போய் அதைத் திரும்ப வாங்கு. மிச்சத்தை வந்து படித்துக்கொள்ளலாம்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் முதல் பாதி அம்மா அழுகிறாள், அடுத்த பாதி நீ அழுகிறாய், எனக்கு மிஞ்சுவது "சரிப்பா, வச்சிடறேன்" மட்டும். அதனால்தான் கடிதம். சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. நான் எழுதினால் நாலு வரிக்குள் எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது, தலையும் வலிக்கிறது. சின்னவளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான், ஆனால் பேனாவைக் கொடுத்தால் நிறுத்தமாட்டாள். நான் பேசுகிறபடி எழுதாமல் எல்லாவற்றையும் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றி எழுதுகிறாள். நான் ஒருவனைத் திட்டினால்கூட இவள் கையில் அது நலம் விசாரித்த மாதிரி ஆகிவிடுகிறது. (திட்டியதை எழுதவில்லை அக்கா. எழுதுகிற மாதிரி இல்லை. – தங்கை)

எனக்கு அடிபட்ட கதையை நீ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டிருப்பாய். இத்தனை வருஷமாக ஸ்பிரிங் கட்டி, ஸ்பாஞ்ச் வெட்டி, ரெக்சின் இழுத்து ஆணி அடித்து, எத்தனையோ பேர் சாய்ந்துகொள்ள சோபா செய்தவன் நான், எனக்கென்று கிடைத்தது பட்டறைத் தரைதான். அன்றைக்கு மூன்று பேர் உட்காருகிற சோபா ஒன்றை மாடிக்கு ஏற்றினோம். சுமக்கிற ஆட்கள் இரண்டு பேர் மேலே, நான் கீழே. திருப்பத்தில் மேலே இருந்தவனுக்குப் போன் வந்தது, "அலோ" என்றான், சோபா என்மேல் வந்தது. ஸ்பாஞ்ச் நான் வைத்தது, முதல் தரம், அது பட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மரச்சட்டம் தச்சன் வைத்தது. அவனும் முதல் தரமாகத்தான் வைத்திருந்தான். தலையின் இடது பக்கத்தில் உள்ளே ரத்தம் கட்டி, எத்தனையோ நாள் நினைவில்லாமல் கிடந்து, கண் விழித்தபோது உன் அம்மாவைப் பார்த்து "கதவைக் கொண்டா, பசிக்குது" என்றேனாம். தட்டு என்று சொல்ல வந்தது அப்படி வந்துவிட்டது. அம்மா அழுதுகொண்டே தட்டைக் கொண்டுவந்தாள், கதவு என்றால் தட்டு என்று அவளுக்கு எப்படிப் புரிந்தது என்று இன்னமும் எனக்கு ஆச்சரியம்தான். இப்போதும் எப்போதாவது சொல் மாறி வரும், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் என் அகராதி பழகிவிட்டது.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது பெரிய டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாதிரி அடிபட்டவர்கள் சில காலம் மனசில் பட்டதைப் பட்டென்று பேசுவார்கள், கூச்சம் குறையும், நீங்கள்தான் பொறுத்துப் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தனியாகத்தான் சொன்னார், ஆனால் என் காது நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு நான் பட்ட சுகத்தை என்னவென்று சொல்வது. நம் முதலாளி, தம் பட்டறை சோபா விழுந்ததே என்ற சங்கடத்தில், வாங்கினவர் நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிய ஒற்றை நாற்காலி ஒன்றை நம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பெரிய கை வைத்தது, முதுகுக்கு மேலேயும் ஒரு சாண் உயரம், எல்லாம் நானே தைத்தது. அதில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் போட்டேன். பெரியவளே, முதலாளி பட்டறைக்குள் நுழைந்தால் ஆணியை வாயில் வைத்துக்கொண்டே எழுந்து நின்ற ஆள் நான். அவர் என்னைப் பார்க்க வந்தபோது அப்படியே கால்மேல் கால் போட்டபடி "வாங்க முதலாளி, உக்காருங்க, ஸ்டூல்தான் இருக்கு" என்றேன். அவரும் உட்கார்ந்தார். "முடிக்குப் போடற மை காதுல வழிஞ்சிருக்கு, தொடைச்சுக்குங்க" என்றும் சொன்னேன். அம்மா பின்னால் இருந்து என் தோளைக் கிள்ளினாள். அவர், "விடும்மா, தலையில அடிபட்ட மனுஷன்" என்று சொல்லிக் காதைத் துடைத்துக்கொண்டார். அவர் போனதும் அம்மா, "இது ஒண்ணும் அடிபட்டதால வந்ததில்ல, கல்யாணம் ஆன நாள்ல இருந்தே இருக்கற வியாதிதான், வீட்டுக்குள்ள மட்டும் இருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்த புதிதில் கைத்தடியை வைத்துக்கொண்டு நன்றாகவே நடந்தேன், அது உனக்கும் தெரியும், வீடியோவில் பார்த்தாய். பிறகுதான் வலது பாதம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலை எடுத்து வைத்தால் பாதம் முன்பக்கம் தூக்கமாட்டேன் என்கிறது, பட்டென்று தரையில் விழுகிறது, கால்விரல் வாசற்படியில் போய் இடிக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்டால், அடிபட்டது இடது பக்க மூளை, அதுதான் வலது பக்கக் காலை நடத்துகிறது, அப்படித்தான் இருக்கும், நாளாகும் என்றார்கள். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ தம்பி நல்ல பையன், "மூளைக்கு மறந்துபோச்சுங்க, நீங்கதான் திரும்பச் சொல்லிக் குடுக்கணும், காலைப் பார்த்துத் தூக்குன்னு மனசாரச் சொல்லுங்க" என்று சொல்லிப் போனான். அன்றிலிருந்து காலையும் மாலையும் நானும் அம்மாவும் காலுக்கு முன்னால் உட்கார்ந்து "தூக்கு, தூக்கு" என்று கத்துவோம். முதலில் தூக்குடா என்றேன், அசையவில்லை. சரி, மரியாதை எதிர்பார்க்கிறதோ என்று தூக்குங்க என்றேன், அதற்கும் அசையவில்லை. அம்மா "ராஜா, என் தங்கமில்ல, கொஞ்சம் தூக்குடா" என்று கொஞ்சினாள், என்னை ஒரு நாள் அப்படிக் கொஞ்சியதில்லை. கீழ்வீட்டு வாத்தியார் ஒரு நாள் மேலே வந்து, "தினம் யாரைப் போட்டு இந்த விரட்டு விரட்டுறீங்க, வேலைக்கு ஆள் யாராவது வச்சிருக்கீங்களா" என்று கேட்டார். அம்மா, "இல்லைங்க, அவர் காலைத்தான்" என்றாள். அவர் என் காலையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

இதற்கிடையில் அம்மாவுக்கு ஒரு யோசனை. சீக்காளிக் கால் கீழே தொங்கினால் அசந்துபோகும், நல்ல கால் சும்மாதானே இருக்கிறது, அது சுமக்கட்டும் என்பாள். உடம்புக்கு முடியாத பிள்ளையை அக்காக்காரி இடுப்பில் வைத்துக்கொள்வதில்லையா, அப்படி. காலையில் நாற்காலியில் நான் உட்கார்ந்ததும் அவளே வந்து வலது காலை இரண்டு கையாலும் தூக்கி இடது காலின் மேல் வைத்துவிடுவாள். எனக்கும் கசக்கவா செய்யும். பொழுது சாயும்வரை அப்படியே இருப்பேன். சாப்பாடும் அப்படியே, பேப்பர் பார்ப்பதும் அப்படியே. கால் மட்டும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. அந்தச் சமயத்தில்தான் நீ போன் பண்ணினாய். கால் இனிமேல் தேறாதுபோல, மூளையே கைவிட்டுவிட்டது என்று அம்மா சொல்ல, நீ வேலையை விட்டுவிட்டு வந்து என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். துறைமுகத்தில் கிரேன் மேலே ஏறி உட்காருவதற்கு இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி என்று போன முறை குதித்துக்கொண்டு சொன்ன பெண் நீ. அம்மா "வந்துடு கண்ணு" என்றாள். என்னிடம் போன் வந்தபோது அதை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது தலையில் அடிபட்டதால் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வழக்கமாகப் பார்க்கிறவர் இல்லை, நரம்பைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவர் என் பாதத்தைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். மூளையால் வந்த பலவீனம் என்றால் கால் விறைப்பாக இருக்குமாம், இதுவோ ஈரத் துணி மாதிரி தொங்குகிறது என்றார். பாதத்தின் மேலே பஞ்சால் தொட்டார், தொட்டதே எனக்குத் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு எலும்பு முட்டிக்கொண்டிருக்கிறது பார், அங்கே விரலால் தட்டினார், கால்விரல்வரை சுரீரென்று மின்சாரம் ஓடியது, நான் அவரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். (அதையும் எழுதவில்லை. டாக்டர் சிரித்தார் என்று அம்மா சொன்னாள். – தங்கை) அப்புறம் ஒரு அறையில் படுக்கவைத்துக் காலில் ஒயரை ஒட்டி ஷாக் கொடுத்தார்கள். அந்த எலும்புக்குக் கீழே கொடுத்தால் பாதம் தானாகத் துள்ளுகிறது, இத்தனை நாள் ராஜா, தங்கம் என்று கெஞ்சியும் அசையாத பாதம். எலும்புக்கு மேலே கொடுத்தால் செத்த மாதிரி கிடக்கிறது. "மூளை சேதி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கு. காலும் வாங்கத் தயாரா இருக்கு. நடுவுல இந்த இடத்துல நரம்பை ஏதோ போட்டு அமுக்குது" என்றார் டாக்டரம்மா. அந்த இடத்தில் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறதாம், படுக்கையில் கிடந்து நான் எலும்பும் தோலுமாய் இளைத்துவிட்டதால் மெத்தை மாதிரி இருந்த சதையும் போய்விட்டது, என்னத்தை வைத்து அமுக்கினீர்கள் என்று கேட்டார். நாங்கள் ஒன்றையும் வைத்து அமுக்கவில்லை என்று சத்தியம் செய்தோம்.

எழுந்து பேண்ட்டைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என் முழங்காலையே பார்த்தார். "ஐயா எப்பவும் இப்படித்தான் உக்காருவீங்களா" என்றார். நான் பெருமையாக, "இப்பக் கொஞ்ச நாளாத்தான்" என்றேன். அம்மா அதைவிடப் பெருமையாக, "காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் டாக்டர், நான்தான் தூக்கி வச்சு விடுவேன்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், திரும்பப் போட்டுக்கொண்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து நரம்பை நசுக்கிட்டு மூளை மேல பழி போட்டிருக்கீங்க, அது பாவம்மா, படாத பாடுபட்டு இப்பத்தான் எழுந்து வருது" என்றார். எங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை என்றும் சொன்னார். தலையில் அடிபட்ட ஆளுக்குக் கை காலில் எது வந்தாலும் வைத்தியம் பார்க்கிறவர்கள் உள்பட எல்லோரும் தலையையே பார்த்துக்கொண்டிருப்போம், தனியாக ஒரு நரம்பு கெட்டிருக்கும் என்று தோன்றாது, அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது என்றார். என் நரம்பு அறுந்துபோகவில்லை, நசுங்கித்தான் இருக்கிறது. அமுக்குவதை நிறுத்தி, சத்தாகச் சாப்பிட்டு, பாதத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டால் சில மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார். சத்தியம் செய்து தரவில்லை, அப்படிச் செய்கிற டாக்டரை நானும் நம்பமாட்டேன்.

அம்மா இப்போது கடைக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் அவள் சுவரோரம் நின்று அழுதாள் பார், எனக்கு நினைவு வராமல் கிடந்தபோதுகூட அப்படி அழுதிருக்கமாட்டாள். நர்ஸ் பெண் ஓடிவந்து தண்ணீர் கொடுத்து, "நல்ல சேதிதானேம்மா" என்று முதுகைத் தடவினாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நானும் நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் என்னைப் பார்க்காமலே, "அப்ப அவ வரமாட்டா, இல்ல?" என்றாள். எனக்குக் கால் போனதில் அவளுக்குக் கவலை இல்லை என்று நினைக்காதே, ராவும் பகலும் அந்தக் காலைத் தாங்கியவள் அவள்தான். ஆனால் கால் ஒரு பக்கம் கெட்டது, இன்னொரு பக்கம் மகள் வருகிறாள் என்று அவள் மனசுக்குள் ஒரு தராசு இருந்திருக்கிறது. அது எனக்கு அந்தப் பஸ்ஸில்தான் தெரிந்தது. மூளை போனவனுக்குக் காவலாக ஒரு மகள் தேவைப்படலாம், கால்மேல் கால் போட்டுக் காலைக் கெடுத்துக்கொண்டவனுக்குத் தேவை நாற்காலிக்கு எதிரே காலை நீட்டி வைக்க இன்னொரு ஸ்டூல்தான். நீ வருவதும் வராததும் உன் முடிவு. ஆனால் சரியான வியாதியைத் தெரிந்துகொண்டு முடிவு செய்.

மற்ற செய்திகள். பிளாஸ்டிக் பட்டையைப் போட்டால் வலது காலுக்குப் பழைய செருப்பு நுழையவில்லை, ஷூ வாங்கப் போனோம், வலது காலுக்கு ஒரு அளவு கூட, இடது காலுக்கு வழக்கமான அளவு. கடைக்காரர் இரண்டு ஜோடியாகத்தான் தருவேன் என்றார். அம்மா, "இன்னொருத்தர் இதே மாதிரி இடது காலைக் கெடுத்துக்கிட்டு வருவார், அவருக்கு மிச்ச ஜோடியை வித்துக்குங்க" என்று வாதாடி ஒற்றை ஒற்றையாக வாங்கிவிட்டாள். முன்பெல்லாம் தூக்கு தூக்கு என்று கத்திய வீடு இப்போது இறக்கு இறக்கு என்று கத்துகிறது. நான் மறந்துபோய்க் காலை லேசாக அசைத்தால் போதும், சமையலறையிலிருந்து "இறக்குங்க" என்று குரல் வருகிறது, அங்கிருந்து எப்படித் தெரிகிறதோ. கீழ்வீட்டு வாத்தியார் இப்போது எதுவும் கேட்பதில்லை, படியில் பார்த்தால் வழிவிட்டு நின்றுகொள்கிறார். முதலாளி மறுபடி வந்திருந்தார். இரண்டு காலையும் தரையில் ஒட்டி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "பழைய மாதிரி ஆயிட்டீங்க போலிருக்கே, ரொம்ப சந்தோஷம்" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அவர் மையைப் பற்றி இன்னொரு தடவை சொல்லியிருப்பேன், அம்மா கை என் தோள்மேல் தயாராக இருந்தது. பட்டறையில் என் இடத்தில் இப்போது சின்னவள்தான் உறை தைக்கிறாள், சம்பளமும் உண்டு. அவள் பேசுவதே இல்லை என்பதால் கோபக்காரி என்று நினைத்து முதலாளியே அவளிடம் மெதுவாகத்தான் கேட்கிறாராம், ஒரு தடவை "நாளைக்கு முடிஞ்சிடுமாம்மா, முடியலைன்னாலும் பரவால்ல" என்றாராம். நான் எத்தனை வருஷம் பேசிப் பேசி வாங்காத மரியாதை அது. (அப்படி ஒன்றும் இல்லை அக்கா. எனக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். – தங்கை)

நீ பரீட்சையை எழுது. உயரத்தில் உட்கார்ந்து நீ ஒரு பெட்டியைத் தூக்கி இன்னொரு இடத்தில் பத்திரமாக இறக்கிவைப்பதை ஒரு தடவை நான் பார்க்கவேண்டும், மாடிப்படியில் அந்த இரண்டு தடியன்களுக்கு வராத வித்தை அது. மனசில் குழப்பம் வைத்துக்கொள்ளாதே. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், நல்ல பேரோடு நூறு வயசு இரு. கடைசியாக ஒன்று, தலைக்கவசத்தைத் தொப்பி மாதிரி வெறுமனே கவிழ்த்துக்கொள்ளாதே, வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டு. உடம்பில் மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இரண்டு காலும் தரையில் பதித்தபடி,
உன் அப்பா

அக்கா, இதை நானாக எழுதுகிறேன். அப்பா கையெழுத்துப் போட்ட பிறகு அம்மா கடையிலிருந்து வந்து கடிதத்தை முழுவதும் படிக்கச் சொன்னாள். நான் மெதுவாகப் படித்தேன். பஸ்ஸில் அவள் சொன்ன இடம் வந்ததும் அதை அடித்துவிடச் சொன்னாள். நான் பேனாவைத் திறக்கவில்லை. அம்மா என்னைத் திட்டிவிட்டு, உள்ளே போய்ப் பையிலிருந்த காய்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப வந்து, சரி, இப்படி எழுது என்றாள். ராஜினாமா எழுதிக் கொடுக்கவேண்டாமாம், பரீட்சை முடிந்ததும் லீவு எழுதிக் கொடுக்கவேண்டுமாம். எத்தனை நாளைக்கு என்று எழுதட்டும் என்று கேட்டேன். அம்மா, "அவங்க எத்தனை நாள் குடுப்பாங்களோ, அதுக்கு மேல ஒரு நாள் சேர்த்துக் கேக்கச் சொல்லு" என்றாள்.